கதவுக்கு அடியில் நாலு விரல்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து இருபதுக்கு நம்ம ஆள் ஒரு சபதம் எடுத்தார்.

சபதம் எடுக்கிற ஜாதகமே இல்லை அவருக்கு. ஆபீசில் கடிதப் பிரிவு. இருபத்து மூன்று வருஷமாக, வருகிற மனுவுக்கெல்லாம் "தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்று பதில் எழுதிக்கொண்டிருக்கிறவர். எழுதி எழுதி அந்த வாக்கியம் ரத்தத்தில் கலந்துவிட்டது. வீட்டிலும் அதே சேவைதான். குழாய் சொட்டுகிறதா? பரிசீலனை. ஜன்னல் கொக்கி உடைந்துவிட்டதா? பரிசீலனை. பின்னறைக் கதவு மட்டும் இரண்டு வருஷமாகப் பரிசீலனையில் இருந்தது. அந்த வீட்டில் அதுதான் ரொம்ப சீனியர்.

மழையில் ஊறி, உப்பி, தரையைக் கவ்விக்கொண்டு நின்ற கதவு அது. திறக்க வேண்டுமானால் தோளால் ஓர் இடி, முழங்காலால் ஓர் உந்து, வாயால் இரண்டு திட்டு. அப்போதும் பாதிதான் திறக்கும். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நுழைய வேண்டும். சாப்பிட்டுவிட்டு நுழையவே முடியாது.

இத்தனை நாள் அந்த அறையை யாரும் சீந்தவில்லை. பழைய மெத்தை, ஓடாத டேபிள் ஃபேன், சக்கரம் போன சூட்கேஸ் எல்லாம் உள்ளே நிம்மதியாகக் குடியிருந்தன. இப்போதுதான் அந்த அறைக்கு வேலை வந்தது. அவர் மனைவி தையல் டீச்சர். இருபது வருஷம் ஒருத்தருடைய தையல் பள்ளியில் சொல்லிக்கொடுத்தாள். முதலாளிக்கு வயசாகிவிட்டது, பள்ளியை மூடிவிட்டு மகனோடு போய்விட்டார். கடைசி நாளில் மாணவிகள் ஆறு பேர் டீச்சரைச் சுற்றி நின்றுகொண்டு, "நீங்க வீட்லயே ஆரம்பிங்க டீச்சர், நாங்க வர்றோம்" என்றார்கள். ஒன்றாம் தேதி ஆரம்பம். ஆரம்பிக்காவிட்டால் ஆறு பேரும் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற வேறொரு பள்ளியில் சேர்ந்துவிடுவார்கள்.

பின்னறையில் இரண்டு ஜன்னல். காலை முழுக்க நல்ல வெளிச்சம். தையலுக்கு அதைவிட நல்ல அறை கிடையாது. ஆனால் கூடத்தில் இருந்த இரண்டு தையல் மெஷினும் அந்தக் கதவு வழியாகப் போகாது. மாணவிகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைய மாட்டார்கள்.

அன்றைக்கு மனைவியின் தம்பி வந்திருந்தான். கையில் கருவிப் பை. கதவைத் தட்டிப் பார்த்தான், குனிந்து பார்த்தான், டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினான்.

"ஒண்ணுமே இல்ல மாமா. கழட்டி, அடியில கொஞ்சம் இழைச்சு, திரும்ப மாட்டினா முடிஞ்சுது. அரை மணி நேர வேலை. பண்ணிடட்டா?"

இங்கேதான் சிக்கல். ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்த மச்சான் இந்த வீட்டில் ஒரு பல்ப் ஹோல்டரை மாற்றினான். மாமா டார்ச் பிடித்தார். அவ்வளவுதான் நடந்தது. அன்றிலிருந்து சொந்தக்காரர் வீட்டு விசேஷம் ஒன்று பாக்கியில்லை. எங்கே போனாலும், "மாமா டார்ச் பிடிச்சாரு பாருங்க, கை நடுங்கின நடுக்கத்துல எனக்கு ரெண்டு ஹோல்டர் தெரிஞ்சுது" என்று ஆரம்பித்துவிடுவான். கேட்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ஒரு ஹோல்டருக்கே இந்த ஓட்டு ஓட்டினான் என்றால் முழுசாக ஒரு கதவு எத்தனை வருஷம் ஓடும்?

"வேண்டாம்" என்றார் நம்ம ஆள்.

"எது மாமா வேண்டாம்?"

"நீ வேண்டாம். என் வீட்டுக் கதவு. நானே சரி பண்ணுவேன்."

"நீங்களா?"

"நான்தான். ஒண்ணாம் தேதிக்குள்ள. இது சபதம்."

மச்சான் அக்காவைப் பார்த்தான். அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நிமிராமல், சிரிக்காமல், "விடுடா. மாமா பண்ணுவாரு" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் நம்ம ஆள் மாட்டிக்கொண்டார். கிண்டல் பண்ணியிருந்தால் கோபித்துக்கொண்டு தப்பியிருக்கலாம். நம்பிவிட்டாளே! நம்புகிறவளிடம் என்ன செய்ய முடியும்?

ஒன்றாம் தேதிக்குச் சரியாக மூன்று வாரம் இருந்தது.

முதல் நாள் அவர் கதவை ஆராய்ந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆபீசுக்கு மேலதிகாரி வந்தால் எப்படி நடப்பாரோ அப்படி அதன் முன்னால் இப்படியும் அப்படியும் நடந்தார். அப்புறம் ஒரு தாளில் 'கதவு தொடர்பாக' என்று தலைப்பு எழுதி, கீழே கோடு போட்டார். கோடு மிக நேராக வந்தது. அதற்குக் கீழே எழுத ஒன்றும் இல்லை. செல்போனில் ஒரு ஆள் கதவைக் கழற்றி இழைக்கிற வீடியோவைப் பதினேழு தடவை பார்த்தார். பதினெட்டாவது தடவை பார்க்கும்போது தூங்கிவிட்டார்.

சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். பயம். அதுதான் உண்மை, வேறொன்றும் இல்லை.

பதினொரு வருஷத்துக்கு முன்னால், ஒரு சுவர்க் கடிகாரம் மாட்ட ஆசைப்பட்டு இதே வீட்டில் ஒரே ஒரு ஆணி அடித்தார். மூன்றாவது அடியில் சுவர் அழ ஆரம்பித்தது. உள்ளே தண்ணீர்க் குழாய்! கூடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் என்று மச்சான் சொல்வது பொய். கணுக்கால் அளவுதான். அது கீழ்வீட்டுக் கூரையில் இறங்கி, அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவரின் தட்டில் சொட்டியது. அவர் கோபப்படவில்லை. எழுந்து போய்க் குடையை எடுத்து வந்து, விரித்துப் பிடித்துக்கொண்டு மீதிச் சாப்பாட்டைச் சாப்பிட்டார். அன்றிலிருந்து மாடியில் சுத்தியல் சத்தம் கேட்டால் போதும், மனிதர் குடையோடு படியேறி வந்துவிடுவார். கட்டடம் முழுக்க அவருக்குக் குடைக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

கருவிப் பெட்டி ஒன்று வீட்டில் இருந்தது. ஆபீஸ் ஆண்டுவிழாக் குலுக்கலில் விழுந்தது. ஒன்பது வருஷமாகியும் மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறையைக்கூட அவர் பிரிக்கவில்லை.

ஆகவே நம்ம ஆள் மனசுக்குள் ஒரு திட்டம் போட்டார். பத்தொன்பது நாள் எப்படியாவது இழுப்பது. இருபதாம் நாள் காலையில் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். இடுப்புப் பிடித்தவனைக் கதவு கழற்றச் சொல்ல எந்த மனைவிக்கும் மனசு வராது. மச்சான் வருவான், கதவு சரியாகும், வகுப்பு நடக்கும், மானமும் போகாது. பழி இடுப்பு மேல். அருமையான திட்டம்! அதற்குப் பிறகு அவருக்கு ரொம்ப நாள் கழித்து நல்ல பசி எடுத்தது.

அன்று சாயங்காலம் மனைவி கூடத்தில் உட்கார்ந்து வெள்ளைத் தாளில் ஸ்கேலால் கோடு கோடாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன இது, கணக்கு நோட்டா?"

"புதுசா தையல் கத்துக்கறவங்களுக்கு. நூல் கோக்காம வெறும் ஊசிய இந்தக் கோட்டு மேலயே ஓட்டணும்."

"நூல் இல்லாம என்னத்தத் தைக்கறது?"

"தைக்கறதுக்கு இல்லீங்க. பயம் போறதுக்கு. முதல் நாள் தோக்கவே முடியாத வேலையாத்தான் கொடுக்கணும். அப்புறம் கிழிசல் துணியில ஒரு நேர் தையல். அப்புறம் தலையணை உறை. எடுத்த எடுப்புல காலரைக் கையில கொடுத்தா மறுநாள் வகுப்புக்கே வர மாட்டாங்க."

"அப்ப அவங்களுக்கே தெரியாம அவங்கள ஏமாத்தறே!"

"இதுவரைக்கும் யாரும் புகார் சொல்லல" என்றாள் மனைவி, அடுத்த கோட்டைப் போட்டபடியே.

நம்ம ஆள் சிரித்தார். பாவம் அந்த மாணவிகள் என்று நினைத்துக்கொண்டு படுக்கப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலை சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க! இங்க கொஞ்சம் வாங்களேன்!"

அலமாரிக் கைப்பிடி அவள் கையில் தனியாக இருந்தது.

"திறந்தேன், கையோட வந்துடுச்சு. டம்ளர் எல்லாம் உள்ள இருக்கு. டீ எதுல குடிப்பீங்க?"

டீ விஷயம் என்றால் அவசரம்தானே! பரிசீலிக்க நேரமில்லை. கருவிப் பெட்டி வந்தது. பிளாஸ்டிக் உறையைக் கிழிக்கும்போது, நெருங்கின சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையைப் பிரிப்பதுபோல் ஒரு பரபரப்பு. ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். முதலில் இடப்பக்கம் திருகினார். ஸ்க்ரூ வெளியே வந்து அவர் காலில் விழுந்தது. எடுத்து வைத்து வலப்பக்கம் திருகினார். உள்ளே போனது. இன்னும் திருகினார். நின்றது. கைப்பிடியை இழுத்தார். அலமாரி திறந்தது!

"அட!" என்றாள் மனைவி. திறந்தாள், மூடினாள். மறுபடி திறந்தாள், மூடினாள். எட்டுத் தடவை. "முன்னாடி இருந்ததவிட கெட்டியா இருக்குங்க."

"ஒரே ஒரு ஸ்க்ரூதானே" என்றார் நம்ம ஆள். ஆனால் அன்றைக்கு ஆபீசில் அந்த ஒரு ஸ்க்ரூவை நான்கு பேரிடம் விவரித்தார். நான்காவது ஆளிடம் சொல்லும்போது அது மூன்று ஸ்க்ரூவாகிவிட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை நாற்காலி ஆடியது. இரண்டு ஸ்க்ரூ. மனைவி நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து, "அசையவே இல்ல!" என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் திரைக்கம்பி ஒரு பக்கம் இறங்கிவிட்டது. ஸ்டூல் மேல் ஏறி, தலைக்கு மேல் கையைத் தூக்கி, மூன்று ஸ்க்ரூ. ஒன்று கோணலாகப் போய்விட்டது. நம்ம ஆளுக்கு வியர்த்தது.

"கோணலாயிடுச்சு" என்றார், யாரோ செத்துப்போன குரலில்.

"கோணலானா பிரிச்சாப் போச்சு" என்றாள் கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவி. "நான் என்ன, ஒரே தடவையில காலர் வெச்சிடறேனா? பிரிச்சிட்டுத் திரும்பப் போடுங்க."

பிரித்தார். போட்டார். நேராக வந்தது. அடுத்த புதன்கிழமை மெஷின் டிராயர் சிக்கிக்கொண்டது. அதை வெளியே இழுத்து, உரசிய இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, மெழுகுவர்த்தியைத் தடவி உள்ளே தள்ளினார். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி போனது. மெழுகு தடவலாம் என்று யார் சொன்னது என்று அவருக்கு ஞாபகமில்லை. தானே கண்டுபிடித்ததாக முடிவு செய்துகொண்டார்.

நடை மாறிவிட்டது. ஸ்க்ரூ டிரைவர் சட்டைப் பையில், பேனா இருந்த இடத்தில் குடியேறிவிட்டது. ஆபீசில் ஒரு மனுவுக்கு, தன்னையும் அறியாமல், "உடனே சரி செய்யப்படும்" என்று எழுதிவிட்டார். மேலதிகாரி கூப்பிட்டு, உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று விசாரித்தார்.

ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. இத்தனை வருஷம் சும்மா கிடந்த வீடு, ஏன் வரிசையாக இப்படிக் கழன்று விழுகிறது? மாடிப்படியில் குடைக்காரரைப் பார்த்தபோது அந்த ஆராய்ச்சியை வெளியிட்டார்.

"எல்லாம் ஈரப்பதம்ணே. காத்துல ஈரம் கூடினா ஸ்க்ரூவெல்லாம் தானா இளகும்."

"அப்படியா தம்பி?" என்றார் குடைக்காரர். "எங்க வீட்ல ஒண்ணும் இளகலையே."

"நீங்க கீழ இருக்கீங்க. ஈரம் மேலதான் போகும்."

குடைக்காரர் அவருக்குப் பின்னால் நின்ற டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கூரையைப் பார்த்தாள். குடைக்காரருக்கு நீண்ட இருமல் வந்தது.

மூன்றாவது ஞாயிறு மத்தியானம்தான் வினை வந்தது. குளியலறைத் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. யாரும் கூப்பிடவில்லை, அவரே போனார். உள்ளே நின்று, கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைக் கழற்றி, திரும்ப மாட்டி, பெருமையோடு போட்டுப் பார்த்தார். விழுந்தது. அப்புறம் எழுந்திருக்கவில்லை.

இழுத்தார். குலுக்கினார். கெஞ்சினார்.

"ஏம்மா! இங்க வாயேன்!"

"என்னங்க?"

"தாழ்ப்பாள் மாட்டிக்கிச்சு. நான் உள்ள இருக்கேன்."

"ஸ்க்ரூ டிரைவர்?"

"கையிலதான் இருக்கு."

"அப்ப என்ன பயம்? போட்டது நீங்கதானே, நீங்களே கழட்டுங்க."

"கை நடுங்குதும்மா. ஸ்க்ரூ தலையில நிக்க மாட்டேங்குது. உன் தம்பியக் கூப்பிடு. பரவாயில்ல, என்ன வேணா சொல்லிட்டுத் திரியட்டும்."

மச்சானுக்குப் போன் போட்டுவிட்டாள் என்று நினைத்தார். அப்புறம் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் தரையில் உட்காருகிற சத்தம் கேட்டது. பட்டன் டப்பா திறக்கிற சத்தமும் கேட்டது.

"நான் இங்கயே உக்காந்து பட்டன் தைக்கறேன்" என்றாள். "நீங்க மெதுவா பண்ணுங்க. அவசரமே இல்ல."

"நீ பாட்டுக்கு உக்காந்துட்டே! உனக்குப் பயமே கிடையாதா?"

நூலைப் பல்லால் கடித்து அறுக்கிற சத்தம் கேட்டது.

"இல்லாம என்ன? இருபது வருஷம் அடுத்தவங்க பள்ளிக்கூடத்துல சொல்லிக்கொடுத்தேன். தப்பாப் போனா முதலாளி இருக்காருன்னு ஒரு தைரியம். இப்ப என் பேர்ல, என் வீட்ல. ஆறு பேர்ல ஒருத்தர்கூட வரலன்னா? தினமும் கோடு போட்ட தாள எடுத்து எண்ணி எண்ணி வெக்கறேன். பயந்தா கையில ஏதாவது வேலை இருக்கணும்ங்க. இல்லன்னா பயம் பெருசாயிடும்."

தன் மானம், தன் மச்சான், தன் இடுப்பு என்று இரண்டு வாரமாகக் கணக்குப் போட்டவருக்கு, இவள் தாளை எண்ணுவது தெரியவே இல்லை. வெட்கமாக இருந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஸ்க்ரூ டிரைவரை ஸ்க்ரூவின் தலையில் வைத்து, இன்னொரு கையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

இருபது நிமிஷம் ஆனது. முதல் ஸ்க்ரூ, இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. தாழ்ப்பாள் கையோடு வந்தது. கதவு திறந்தது. மனைவி பட்டன் தைத்த சட்டையோடு எழுந்து நின்றாள். சட்டை அவருடையதுதான். பட்டனைத் தப்பான இடத்தில் தைத்து வைத்திருந்தாள். அதை அவர் சொல்லவில்லை.

"தாழ்ப்பாளத் தலைகீழா மாட்டிட்டேன்" என்றார்.

"அப்ப திருப்பி மாட்டுங்க" என்றாள்.

திருப்பி மாட்டினார். இன்றைக்கும் அந்தத் தாழ்ப்பாள் அப்படியே இருக்கிறது.

கடைசியில் இருபதாம் நாள் வந்தது. சனிக்கிழமை. மறுநாள் ஒன்றாம் தேதி. விடிந்ததும், சொல்லி வைத்த மாதிரி, இடுப்பு பிடித்துக்கொண்டது. திட்டம் போட்டதை அவரே மறந்துவிட்டிருந்தார். இடுப்பு மறக்கவில்லை.

"ஆ!" என்றார் படுக்கையில்.

"என்னாச்சுங்க?"

"இடுப்பு."

"அய்யய்யோ! அசையாதீங்க. அப்படியே படுங்க. கதவ நெனச்சுக் கவலைப்படாதீங்க. தம்பி வந்து பாத்துக்குவான்." அவள் கையில் போன் ஏற்கனவே இருந்தது. "ஹலோ... நான்தான்டா... மாமாவுக்கு முடியல..."

நம்ம ஆள் உட்கார்ந்தார். கல்யாண வீட்டுப் பந்தி கண்ணுக்குத் தெரிந்தது. நடுவில் மச்சான். 'மாமாவுக்குக் கதவப் பாத்ததும் இடுப்பு புடிச்சுக்கிச்சு பாருங்க!' பந்தி முழுக்கச் சிரிப்பு.

"வை போனை" என்றார்.

"இடுப்பு?"

"விட்டுடுச்சு."

"அதுக்குள்ளயா?"

"வந்த வேகத்துல போயிடுச்சு. இழைப்புளி வேணும். அது நம்ம பெட்டியில இல்லையே?"

"தம்பி அன்னிக்கே மறந்து வெச்சிட்டுப் போயிட்டான். மெஷினுக்கு அடியில இருக்கு."

"எதையுமே ஒழுங்கா எடுத்துட்டுப் போக மாட்டான் அவன்!" என்று மச்சானை ஒரு திட்டு திட்டிவிட்டு எழுந்தார்.

கதவின் கீழே புத்தகங்களை அண்டக் கொடுத்து, கீலில் ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றினார். சுத்தியலால் கீலை இரண்டு தட்டுத் தட்டினார். அடுத்த நிமிஷம் படிக்கட்டில் காலடி. குடைக்காரர் குடையோடு வாசலில் நின்றார்.

"வாங்கண்ணே, சரியான நேரத்துக்கு வந்தீங்க. அந்தப் பக்கம் பிடிங்க."

குடைக்காரர் குடையைக் கையில் மாட்டிக்கொண்டு ஒரு பக்கம் பிடித்தார். மனைவி ஒரு பக்கம். கதவு வந்துவிட்டது! இரண்டு வருஷத்துக் கதவு, குழந்தை மாதிரி அவர்கள் கையில் வந்து படுத்துக்கொண்டது. கூடத்தில் இரண்டு நாற்காலி மேல் சாய்த்தார்கள். நம்ம ஆள் இழைப்புளியை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினார். குதித்தது. இன்னொரு தள்ளு. கீறியது. மூன்றாவது தள்ளில் ஒரு மரச் சுருள், மெல்லிசாக, முழு நீளத்துக்கு, சர்ர்ர் என்று எழுந்து வந்தது.

அந்தச் சத்தம் இருக்கிறதே! இருபத்து மூன்று வருஷமாகத் தாளில் பேனா ஓடுகிற சத்தத்தையே கேட்ட காது அது. மனிதர் சொக்கிப் போய்விட்டார். சர்ர்ர். சர்ர்ர். சுருள்கள் காலடியில் குவிந்தன. நெற்றி வியர்வை மூக்கில் சொட்டியது. கை நடுங்கவில்லை. இதை அவரே பாதியில் கவனித்து, நின்று, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் மறுபடி சர்ர்ர்.

"போதுங்க" என்றாள் மனைவி.

"இன்னும் கொஞ்சம். சொரசொரன்னு இருக்கு."

"போதும் தம்பி" என்றார் குடைக்காரர்.

"ஒரே ஒரு தடவைண்ணே."

அந்த ஒரே ஒரு தடவை பதினைந்து நிமிஷம் நடந்தது.

கதவை மாட்டினார்கள். நம்ம ஆள் ஒரே ஒரு விரலை வைத்துத் தள்ளினார். சத்தமே இல்லாமல், முழுசாக, சுவர்வரை போய்த் திறந்தது. கண் கலங்கிவிட்டது அவருக்கு. சாத்தினார். சாத்தின கதவுக்கு அடியில் பார்த்தால் அந்தப் பக்கத் தரை, பழைய மெத்தையின் ஓரம், சூட்கேஸின் ஒரு மூலை எல்லாம் நன்றாகத் தெரிந்தன. நாலு விரல் இடைவெளி. பூனை வந்தால் குனியாமல் போகும்.

மூன்று பேரும் கீழே பார்த்தார்கள்.

"காத்தோட்டம்" என்றார் நம்ம ஆள்.

"ஆமா" என்றாள் மனைவி. "தையல் அறைக்குக் காத்து வேணும்." கதவை ஒரு விரலால் தள்ளித் திறந்தாள். சாத்தினாள். எட்டுத் தடவை. எட்டாவது தடவை அவள் முகம் அவர் பார்த்தே இராத மாதிரி மலர்ந்திருந்தது. "என்னங்க, இது நிஜமாவே திறக்குது!"

குடைக்காரர் கூரையை ஒருமுறை பார்த்துவிட்டுக் குடையின் பட்டனைப் போட்டார். சாயங்காலத்துக்குள் மெத்தை வெளியேறி, இரண்டு மெஷினும் உள்ளே போய்விட்டன.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஆறு பேரும் வந்தார்கள். ஒருத்தர்கூடக் குறையவில்லை. ஏழாவதாக ஒரு அம்மாவும் வந்திருந்தார். தையலே தெரியாதாம், கேள்விப்பட்டு வந்தாராம். மனைவி வாசலில் நின்று ஒவ்வொருத்தராக உள்ளே விட்டபோது அவள் கை லேசாக நடுங்கியதை நம்ம ஆள் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

அதோடு அவர் பேப்பர் படிக்கப் போயிருக்கலாம். போகவில்லை. அத்தனை பேர் அந்தக் கதவு வழியாகப் போயிருக்கிறார்கள், ஒருத்தராவது கதவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமலா இருப்பார்கள்? அதைக் காதால் கேட்க வேண்டாமா? மெல்ல நடந்து வந்து, கதவை ஒட்டி நின்று, காதைக் கொடுத்தார்.

உள்ளே அந்த ஏழாவது அம்மாவின் குரல்.

"டீச்சர், எனக்கு மெஷினப் பாத்தாலே கை நடுங்குது. இந்த வயசுல எனக்கு வருமா?"

"ஏம்மா வராது? போன மாசம் என்கிட்ட ஒருத்தர் கத்துக்கிட்டாரு. நாப்பத்தொம்பது வயசு. பதினோரு வருஷமா ஆணியப் பாத்தாலே எதிர்ப்பக்கம் நடந்துடுவாரு. முதல் நாள் ஒரே ஒரு ஸ்க்ரூ. அலமாரிக் கைப்பிடி. நானே கழட்டி வெச்சேன்."

வெளியே நம்ம ஆள் காதைக் கதவோடு அழுத்திக்கொண்டார்.

"அடுத்து நாற்காலி, ரெண்டு ஸ்க்ரூ. அடுத்து திரைக்கம்பி, மூணு. டிராயர்ல ஒரு பட்டன அடைச்சு வெச்சேன். தூக்கத்துல அவர் காதுகிட்ட மெழுகுவர்த்தி மெழுகுவர்த்தின்னு நாலு தடவை சொன்னேன்."

ஈரப்பதம்! படிக்கட்டில் நின்று எவ்வளவு விளக்கமாகச் சொன்னார்! சட்டைப் பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை அவர் மெல்லத் தொட்டுப் பார்த்தார்.

"குளியலறைத் தாழ்ப்பாள் மட்டும் என் பாடத்துல கிடையாது" என்றாள் மனைவி. குரல் கொஞ்சம் இறங்கியது. "அது அவரா எடுத்துக்கிட்ட வேலை. உள்ள மாட்டிக்கிட்டாரு. எனக்கு உயிரே போச்சு, பட்டனத் தப்பாத் தெச்சேன். ஆனா அவரே வெளிய வந்துட்டாரு. அப்பவே தெரிஞ்சுபோச்சு, இனிமே இவருக்கு நான் கழட்டி வெக்க வேண்டாம்னு. இந்தக் கதவு முழுக்க முழுக்க அவரோட வேலை. நான் ஒரு ஸ்க்ரூவக்கூடத் தொடல."

உள்ளே 'ஓ' என்று ஒரு சத்தம். கதவைப் பார்க்கிறார்கள். நம்ம ஆளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். எவ்வளவு தேடியும் வரவில்லை. முழுக்க முழுக்க அவரோட வேலை என்று அவள் சொன்னதே காதில் நின்றது. முகம் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தது. சரி, சத்தம் போடாமல் போய்விடலாம், எனக்கு ஒன்றுமே தெரியாத மாதிரி இருந்துவிடலாம், அதில் ஒரு கௌரவம் இருக்கிறது என்று ஒரு காலைத் தூக்கினார்.

"அந்த மாணவர் இப்ப எங்க இருக்காரு டீச்சர்?" என்று கேட்டார் அந்த அம்மா.

"எங்கயும் போகலம்மா" என்றாள் மனைவி. "கதவுக்கு அடியில பாருங்க, கால் தெரியும். இப்ப ஒத்தைக் கால்."